படம் காட்டுறாங்க

நம் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து அறிவிப்பு வந்திருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். எந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்தும். அறிவியல் காட்சியாக்கம் மற்றும் குறும்பட விழாவாம். ஆராய்ச்சி மாணவர்கள் தங்கள் ஆய்வை மூன்று நிமிடப் படமாக எடுத்து அனுப்ப வேண்டுமாம். ‘அறிவியலை மக்களிடம் கொண்டு செல்வோம்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே வரிசையாக முகங்கள். வேந்தர், இணைவேந்தர், பதிவாளர், தேர்வாணையர், சிண்டிகேட் உறுப்பினர்கள். மூலை முடுக்கெல்லாம் தேடியாயிற்று. ஒரு நுண்ணோக்கிகூட இல்லை.

படம் மூன்று நிமிடம். படிவம் பதினொரு பக்கம்.

கைடு கையெழுத்து. எச்.ஓ.டி. கையெழுத்து. டீன் கையெழுத்து. படம் திருட்டல்ல என்று ஒரு சான்று. யார் மனமும் புண்படாது என்று இருபது ரூபாய் பத்திரத்தில், நோட்டரி முத்திரையோடு, ஓர் உறுதிமொழி. படத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு அதையே பென் டிரைவில் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். பதிவுத் தபாலை 2025-ல் தபால் துறையே ஸ்பீடு போஸ்ட்டில் கரைத்துவிட்டது. படிவத்துக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. பதிவுத் தபாலில் அனுப்பியிருப்பார்கள் போல.

கட்டணம் 500 ரூபாய். அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆச்சரியப்படாதீர்கள். ஆராய்ச்சி மானியத்துக்கே ஜி.எஸ்.டி. கேட்டு டெல்லி ஐ.ஐ.டி.க்கு 120 கோடி ரூபாய்க்கு நோட்டீஸ் அனுப்பிய தேசம் இது. ஊர் சிரித்த பிறகு, 2024 செப்டம்பரில்தான் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி விலக்குக் கொடுத்தது. மூளைக்கு இன்னும் வரி போடவில்லை. வசூலாகாது என்று கணக்குப் பார்த்திருப்பார்கள்.

சரி, பரிசுச் சான்றிதழில் கையெழுத்துப் போடப்போவது யார்? துணைவேந்தர் என்பீர்கள். எந்தத் துணைவேந்தர்? கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் அந்த நாற்காலி 2022 அக்டோபரில் காலியானது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்டில். தேடுதல் குழுவில் யு.ஜி.சி. ஆள் இருக்கலாமா கூடாதா என்று ராஜ்பவனும் கோட்டையும் மல்லுக்கட்டிய மல்லுக்கட்டில், வருடக்கணக்கில் நாற்காலிகள் தூசி தின்றன. கேரளத்திலும் இதே கூத்து, மலையாளத்தில். இடையில் 2024 பிப்ரவரியில், வரி பாக்கி என்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளையே வருமான வரித் துறை முடக்கியது. சம்பளம் போடக் காசில்லை. தலைவர் இல்லை. ஆனால் விழா உண்டு. விழாவுக்கு மட்டும் எங்கிருந்தாவது பூங்கொத்து வந்துவிடுகிறது.

அந்த ‘மனம் புண்படாது’ பத்திரத்துக்குத் திரும்புவோம். அதில்தான் விஷயம் இருக்கிறது. 2017-ல் திருவனந்தபுரத்தில் ஆவணப்பட, குறும்பட விழா நடந்தது. மூன்று படங்களுக்குத் தணிக்கை விலக்குத் தர மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் மறுத்தது. ஒன்று, பல்கலைக்கழகத்தில் செத்த மாணவர் ரோஹித் வெமுலா பற்றியது. ஒன்று ஜே.என்.யு. மாணவர்கள் பற்றியது. மற்றது காஷ்மீர். மூன்றில் இரண்டு பல்கலைக்கழகத்துக்குள் நடந்ததைச் சொன்ன படங்கள். பல்கலைக்கழகத்துக்குள் ஒரு மாணவன் செத்தால் புண்படாத மனம், அதைப் படமாக எடுத்தால் புண்படுகிறது. மென்மையான மனம். கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்ற வேண்டியதுதான்.

இன்னொரு மேடையையும் பார்த்துவிடுவோம். 2019 ஜனவரி, ஜலந்தர். இந்திய அறிவியல் மாநாடு. ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தர் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் எழுந்து, கௌரவர்கள் நூறு பேரும் சோதனைக் குழாய்க் குழந்தைகள் என்றார். ராவணனிடம் விமான நிலையங்கள் இருந்தன என்றார். யார் மனமும் புண்படவில்லை. பத்திரம் கேட்கவில்லை, நோட்டரி கேட்கவில்லை. அதை மட்டும் அனிமேஷன் பண்ணி அனுப்பிப் பாருங்கள். முதல் பரிசு வீடு தேடி வரும்.

அறிவியலை மக்களிடம் கொண்டு போகவென்றே இந்த நாட்டில் ஓர் அமைப்பு இருந்தது. விஞ்ஞான் பிரசார். 1989-ல் தொடங்கியது. தேசிய அறிவியல் திரைப்பட விழாவைப் பல ஆண்டுகள் நடத்தியது. தமிழில் ‘அறிவியல் பலகை’ என்று மாத இதழ்கூடக் கொண்டுவந்தது. குறை இல்லாத அமைப்பு என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. ஆனாலும் அது இருந்தது. 2023-ல் அதை இழுத்து மூடினார்கள். மக்களிடம் அறிவியலைக் கொண்டு போனவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ‘மக்களிடம் கொண்டு செல்வோம்’ என்று சுவரொட்டி ஒட்டுகிறோம். ஆராய்ச்சிக்கும் வளர்ச்சிக்கும் நாம் செலவிடுவது ஜி.டி.பி.யில் 0.64 சதவீதம். மிச்சம் 99.36 சதவீதத்தில் சுவரொட்டி அடிக்க நிறையவே இடம் இருக்கிறது.

இனி படம் எடுக்கும் ஆளைப் பார்ப்போம். கேரளத்து அட்டப்பாடியில், அகளிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கோவையில் உயிரித் தொழில்நுட்பத்தில் ஆராய்ச்சி செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். காகிதத்தில். அது கைக்கு எப்போது வரும் என்று ஆராய்ச்சி மாணவர்களைக் கேட்டால், தங்கள் ஆய்வைவிட அந்தக் கேள்வி கடினம் என்பார்கள். இவள் எடுக்க நினைக்கும் படம் அரிவாள் செல் ரத்தசோகை பற்றியது. அட்டப்பாடியில் அந்தப் பேரைக் கேட்டால் முகம் மாறாத ஊர் குறைவு.

படத்துக்கு ஏற்ற விஷயம்தான். நம் ரத்தத்தில் ஹீமோகுளோபின். அதில் பீட்டா என்றொரு சங்கிலி. 146 கண்ணிகள். ஆறாவது கண்ணியில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் உட்கார்ந்துவிடுகிறது. அவ்வளவுதான் பிழை. ஆக்சிஜனை இறக்கி வைத்ததும் அந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பி கம்பியாக நீள்கின்றன. வட்டமாக இருந்த சிவப்பணு உள்ளிருந்து குத்தப்பட்டு அரிவாளாக வளைகிறது. மெல்லிய ரத்தக் குழாயில் சிக்கி அடைக்கிறது. அடைத்த இடத்தில் வலி. முழங்காலில், முதுகில், நெஞ்சில். 120 நாள் உயிரோடு இருக்க வேண்டிய அணு, பத்து இருபது நாளில் உடைகிறது. உடல் வெளுக்கிறது. இதை எழுத்தில் படிப்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. காட்சியாக்கம் என்ற கலைக்கு நியாயமே அதுதான்.

அவளிடம் இருப்பது பழைய லேப்டாப். மூலக்கூறின் வடிவம் புரோட்டீன் டேட்டா பேங்கில் இலவசமாகக் கிடைக்கிறது. பிளெண்டர் மென்பொருளும் இலவசம். 2025-ல் ஆஸ்கர் வாங்கிய ‘ஃப்ளோ’ படத்தையே அதில்தான் செய்தார்கள். ஆகவே கருவி இல்லை என்று அழ முடியாது. கணக்கு மட்டும் பாருங்கள். மூன்று நிமிடப் படம், வினாடிக்கு 24 பிரேம். மொத்தம் 4,320 பிரேம். ஒரு பிரேமை முடிக்க அந்த லேப்டாப்புக்கு இரண்டு நிமிடம் என்றால் 144 மணி நேரம். ஆறு நாள், இரவு பகல், நிறுத்தாமல். விடுமுறையில் அகளி வீட்டில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். காற்றடித்தால் கரண்ட் போகும். மழை பெய்தால் போகும். யானை மரத்தைச் சாய்த்தால் போகும். இதில் ஆறு நாள் ஒரே மூச்சில் ஓட வேண்டுமாம். பல்கலைக்கழகத்தில் பெரிய கம்ப்யூட்டர் இல்லையா? இருக்கிறது. பூட்டிய அறையில் இருக்கிறது. சாவி இருப்பவர் விழாக் குழுவில் இருக்கிறார்.

கம்ப்யூட்டர் வரைந்தால்தான் காட்சியாக்கம் என்றும் இல்லை. ழான்-பியர் லூமினே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, துளை அட்டை தின்னும் பழைய ஐ.பி.எம். எந்திரத்தில், கருந்துளையைச் சுற்றி ஒளி எப்படி வளையும் என்று கணக்குப் போட்டார். வந்த எண்களைப் பார்த்துப் பார்த்து, இந்தியன் இங்க் தொட்டு, கையாலேயே புள்ளி புள்ளியாக வைத்துப் படம் வரைந்தார். வெளியான வருடம் 1979. நாற்பது வருடம் கழித்து, 2019 ஏப்ரல் 10 அன்று கருந்துளையின் நிஜப் படம் வந்தபோது, ஒரு பக்கம் பிரகாசமும் நடுவில் இருட்டுமாக அந்தப் புள்ளிப் படத்தின் ஜாடை அதில் இருந்தது. லூமினேயிடம் எச்.ஓ.டி. கையெழுத்துக் கேட்டிருந்தால் இங்க் காய்ந்திருக்கும்.

அறிவியல் படம் என்றாலே எல்லாரும் ஓடிவந்து சொல்லும் இன்னொரு கதை, லண்டன் காலரா வரைபடம். 1854. ஜான் ஸ்நோ என்ற டாக்டர், செத்தவர்கள் வீட்டையெல்லாம் வரைபடத்தில் குறித்தார், எல்லாம் பிராட் தெருக் குடிநீர்ப் பம்பைச் சுற்றி விழுந்தன, உடனே பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள் என்பார்கள். மேடைக்கு மேடை, ஸ்லைடுக்கு ஸ்லைடு. நம் விழாவின் தொடக்க உரையிலும் வரும் பாருங்கள். ஆனால் வரிசை தலைகீழ். ஸ்நோ வீடு வீடாக ஏறி இறங்கி விசாரித்தார். அந்தப் பகுதி நிர்வாகக் குழுவிடம் போய்ச் சொன்னார். செப்டம்பர் 8-ம் தேதி கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். படம் அதற்குப் பிறகுதான் அச்சேறியது.

கைப்பிடி முதலில். படம் பிறகு.

நம்மிடம் படம் முதலில். பிறகு படத்துக்கு விழா. பிறகு விழாவுக்கு ஒரு படம். கைப்பிடி அப்படியே இருக்கிறது.

எவ்வளவு நாளாக அப்படியே இருக்கிறது என்று கேளுங்கள். இந்தியாவில் அரிவாள் செல்லை முதலில் கண்டுபிடித்தது எங்கே தெரியுமா? டெல்லியில் இல்லை. இதோ, பக்கத்து மலையில். நீலகிரி ஆதிவாசிகளின் ரத்தத்தில். லேமனும் கட்புஷ்ஷும் கண்டு சொன்னது 1952-ல். நாடு தன் முதல் பொதுத் தேர்தலை முடித்த வருடம். அன்றைக்கே நுண்ணோக்கியில் படம் தெரிந்துவிட்டது. அதன் பிறகு எழுபத்தோரு வருடம் போய், 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்து ஷாடோலில் பிரதமர் தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஏழு கோடிப் பேருக்குப் பரிசோதனை. ஆளுக்கொரு கார்டு. ஒழிக்கும் வருடம் 2047. கண்டுபிடிப்புக்கும் ஒழிப்புக்கும் இடையில் 95 வருடம். இடையில் அமெரிக்காவில் மரபணுவையே வெட்டித் திருத்தும் சிகிச்சைக்கு 2023 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. ஆளுக்கு 22 லட்சம் டாலர். நம் ஆளுக்குக் கார்டு.

அட்டப்பாடிக்குப் படப்பிடிப்பு புதிதல்ல. அகளி, புதூர், ஷோலயூர் என்று மூன்று பஞ்சாயத்து. இருளர், முடுகர், குறும்பர். 1951-ல் இங்கே பத்தில் ஒன்பது பேர் ஆதிவாசிகள். இன்று பாதிக்கும் கீழே. போன நிலம் எங்கே போனது என்று யாரும் அனிமேஷன் செய்யவில்லை. அம்புக்குறி போட்டால் யார் வீட்டு வாசலில் போய் நிற்கும் என்று தெரியும். காய்ந்த மலையைப் பசுமையாக்க ஜப்பான் கடனில் அஹாட்ஸ் என்று ஒரு திட்டம் வந்தது. 219 கோடி ரூபாய். அதற்கும் ஆவணப்படம் உண்டு. 2013-ல் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்துச் செத்தபோது மலைப்பாதையில் சேனல் வண்டிகள் வரிசையாக ஏறின. அமைச்சர்கள் ஏறினார்கள். ஆய்வுக் குழுக்கள் ஏறின. தாய்மாரின் எடை, ஹீமோகுளோபின் அளவு, பிறந்த பிள்ளையின் எடை எல்லாம் அளந்து, கலர் கலராக வரைபடம் போட்டார்கள். சோறில்லாததுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். ஊர் மூப்பனைக் கேட்டிருந்தால் வரைபடம் இல்லாமலே சொல்லியிருப்பார். ராகியும் சாமையும் துவரையும் விளைந்த காடு போனது, பிள்ளை போனது என்று இரண்டே வாக்கியம்.

கோட்டத்தறையில் ஆதிவாசிகளுக்கென்று தனி ஆஸ்பத்திரி இருக்கிறது. சிக்கலான கேஸ் என்றால் அங்கே அடிக்கடி கேட்கும் சொல் ‘ரெஃபர்’. பெரிந்தல்மண்ணாவுக்கோ திருச்சூருக்கோ கோவைக்கோ. வலியில் சுருண்டு கிடக்கும் பிள்ளையோடு முதல் இரண்டு ஊருக்கென்றால் மன்னார்க்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். இதைப் படமாக எடுத்தால் எந்தப் பிரிவில் சேர்ப்பது? படிவத்தில் ‘நிலைப்படம்’, ‘அனிமேஷன்’, ‘குறும்படம்’ என்று மூன்று கட்டம்தான். பயணப் படத்துக்குக் கட்டம் இல்லை.

மொழிக் கட்டமும் அப்படியே. ஆங்கிலம், இந்தி, ‘மற்றவை’. 2022-ல் இயக்குநர் பிரியநந்தனன் இருளர் மொழியிலேயே ‘தபாரி குருவி’ என்று முழுநீளப் படம் எடுத்தார். நடித்தவர்கள் ஆதிவாசிகள். கோவா சர்வதேசத் திரைப்பட விழாவில் இந்தியன் பனோரமா வரை போனது. நம் படிவத்தில் அது ‘மற்றவை’. அதே 2022-ல் அட்டப்பாடி நஞ்சம்மாவுக்குத் தேசிய விருது அறிவித்தார்கள். ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் தன் சொந்தப் பாட்டைப் பாடியதற்கு. நாடே கைதட்டியது. முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கு விருதா என்று சிலர் மூக்கைச் சுருக்கியதும் நடந்தது. அந்த நஞ்சம்மா, குடும்பத்து நிலத்துக்காக மனுவும் வழக்குமாக அலைகிறார். பாட்டுக்கு விருது கிடைத்துவிட்டது. பாட்டு பிறந்த மண்ணுக்குப் பட்டா கிடைக்கவில்லை.

இவ்வளவு படங்களிலும் அட்டப்பாடியிலிருந்து கிளம்பி மிக வேகமாக ஊர் உலகம் சுற்றியது எது? 2018 பிப்ரவரி 22. முக்காலி என்ற ஊர். அரிசி திருடினான் என்று மது என்ற ஆதிவாசி இளைஞரைப் பிடித்தார்கள். கையைக் கட்டினார்கள். அடித்தார்கள். அடிக்கிற கூட்டத்தில் ஒருவர் செல்போனைத் தூக்கிச் செல்பி எடுத்தார். போலீஸ் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போயிற்று. படிவம் இல்லை. கட்டணம் இல்லை. பத்திரம் இல்லை, நோட்டரி இல்லை. படம் மட்டும் போன் போனாகப் போயிற்று. மன்னார்க்காடு நீதிமன்றத்தில் தீர்ப்பு வர 2023 ஏப்ரல் ஆனது. பதின்மூன்று பேருக்கு ஏழாண்டு. சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்த வழக்கு அது. கண்ணால் பார்த்தவர்கள் பார்க்கவில்லை என்றார்கள். நல்ல வேளை, கேமரா அப்படிச் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பெண்ணின் படத்துக்கு வருவோம். எப்படியோ முடித்துவிட்டாள். நடுவர்கள் பார்க்கிறார்கள். இந்த நடுவர்களை நமக்குத் தெரியும். ஒருவர் பொறியியல். ஒருவர் வணிகவியல். ஒருவர் உள்ளூர் விளம்பரப் படக்காரர். “சிவப்பு ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. மியூசிக்தான் கொஞ்சம் சோகமா இருக்கு. பாசிட்டிவா முடிக்கலாமே. அந்தக் கார்டை ஒரு ஷாட் காட்டினா என்ன?”

கார்டை ஒரு ஷாட் காட்டுகிறாள். மூன்றாம் பரிசு.

விழாவன்று சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதம். வந்ததும் ஜான் ஸ்நோ, பம்பு, கைப்பிடி. பிறகு, நம் முன்னோர்கள் இதையெல்லாம் அப்போதே அறிந்திருந்தார்கள். நேரம் போதாததால் பரிசுப் படங்களை ஆளுக்கு முப்பது வினாடி ஓட்டுகிறார்கள். செல் வட்டமாக இருக்கும்போதே நிறுத்திவிடுகிறார்கள். கம்பி நீளும் கட்டம் வரவே இல்லை. பார்த்தவர்கள், ஏதோ தக்காளி பற்றிய படம் என்று நினைத்துக்கொண்டு கைதட்டுகிறார்கள்.

மறுநாள் பயணப்படி வாங்க அலுவலகம் போகிறாள். படப்பிடிப்புக்காக அகளி போய் வந்த செலவு. ஆனைகட்டி வரை பஸ், அதற்கு மேல் ஜீப். ஜீப்பில் டிக்கெட் தருவதில்லை. டிக்கெட் இல்லாமல் படி இல்லை. தவிர, ஆனைகட்டிப் பாலம் தாண்டினால் கேரளம், வெளிமாநிலப் பயணம், அதற்குப் பதிவாளரின் முன் அனுமதி வேண்டும். தன் வீட்டுக்குப் போவதற்கு அனுமதி வாங்கவில்லை என்று ஒரு விளக்கக் கடிதம் எழுதித் தரச் சொல்கிறார்கள். எழுதித் தருகிறாள். செக்‌ஷன் ஆபீசர் கெட்டவர் இல்லை. கடிதத்தை வாங்கி ஃபைலில் கோத்துக்கொண்டே அக்கறையாகத்தான் சொல்கிறார்.

“எதுக்கும்மா இவ்வளவு அலைச்சல்? அடுத்த வருசம் நம்ம கேம்பஸ்லயே ஏதாச்சும் எடும்மா. சாயங்காலமானா மயிலா வருதே, பாக்கலியா?”